ஒன்பதாம் படியில் பேய் நடமாட்டம்

அன்புள்ள மீனா,

செத்துப்போன ஒரு ஆளை உயிரோடோ பிணமாகவோ பிடித்துவந்து, மற்றவர்களுக்குப் பாடமாகும்படி கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்று போலீசுக்கு உத்தரவு போன ஊர் ஒன்று உண்டு, தெரியுமா? பீட்டர்ஸ்பர்க். உத்தரவு வருவது கோகலின் ‘மேல்கோட்டு’ கதையில். அரசாங்க ஆபீசில் காலமெல்லாம் குப்பை கொட்டியவள் நீ. இப்படி ஒரு உத்தரவு எந்த மேஜையிலிருந்து கிளம்பும், யார் யார் இனிஷியல் போட்டிருப்பார்கள் என்பதெல்லாம் உனக்குத்தான் புரியும். கொஞ்ச காலமாக ருஷ்யப் பேய்களோடுதான் என் குடித்தனம். இவரிடம் சொல்ல வாயெடுத்தால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார். ஆகவே நீ மாட்டினாய்.

‘மேல்கோட்டு’ நீ எப்போதோ படித்திருப்பாய். ஆனால் கோட்டு திருட்டுப் போகிறவரைக்கும்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வருஷத்துக்கு 400 ரூபிள் சம்பளம் வாங்குகிற நகலெழுத்தர் அக்காக்கி அக்காக்கியெவிச். ராத்திரி டீயை விட்டு, மெழுகுவர்த்தி ஏற்றாமல் இருந்து, செருப்பு தேயக்கூடாதென்று நுனிக்காலில் நடந்து, 80 ரூபிள் சேர்த்துக் கோட்டு தைக்கிறார். காலருக்குப் பூனைத் தோல். தூரத்திலிருந்து பார்த்தால் உசத்தியான ரோமம் மாதிரி இருக்கும். போட்டுக்கொண்டு போன முதல் நாள் ராத்திரியே வழிப்பறி. புகார் சொல்லப் போன இடத்தில் ஒரு பெரிய அதிகாரி காலைத் தரையில் ஓங்கி மிதித்துக் கத்துகிறார். மனிதர் காய்ச்சலில் விழுந்து செத்தே போகிறார். நாலு நாள் கழித்துத்தான் ஆபீசுக்கே தெரிகிறது. மறுநாள் அந்த நாற்காலியில் புது ஆள்.

வம்பே அதற்கப்புறம்தான். கலின்கின் பாலத்துக்கிட்டே ராத்திரி ஒரு பிணம் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களின் கோட்டையெல்லாம் உருவுகிறது. கவனி, பதவி பார்த்து உருவுவதில்லை. சின்ன குமாஸ்தாவும் சரி, பெரிய கவுன்சிலரும் சரி. ஒரு சந்தில் ஒரு காவல்காரர் அந்தப் பிணத்தைக் கையும் களவுமாகக் கழுத்துப்பட்டியில் பிடித்தே விடுகிறார். இரண்டு சகாக்களைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பூட்ஸுக்குள் கையை விட்டு மூக்குப்பொடி டப்பாவை எடுக்கிறார். குளிரில் மரத்துப்போன மூக்குக்கு ஒரு சிட்டிகை ஏற்றலாமென்று. அந்தப் பொடி செத்தவனுக்கே தாங்காத காரம். பிணம் போட்ட தும்மலில் மூன்று பேர் கண்ணும் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு பார்த்தால் ஆளைக் காணோம். நிஜமாகவே பிடித்திருந்தோமா என்று அவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். அன்று முதல் காவல்காரர்களுக்கெல்லாம் செத்தவர்களைக் கண்டு பயம். உயிரோடிருப்பவனைப் பிடிக்கக்கூடக் கிட்டே போகாமல் எட்ட நின்று அதட்டினார்களாம். 1842-இல் அச்சேறிய கதை. பேய்க்கதையில் பேயைத் தும்ம வைத்த எழுத்தாளன் வேறு யாராவது உண்டா, சொல்லு.

இப்போது சொல்லவந்த விஷயம். அக்காக்கியின் பதவி பெயரளவு கவுன்சிலர். மகா பீட்டர் 1722-இல் அரசாங்க உத்தியோகம் முழுவதையும் 14 படியாகப் பிரித்து ஒரு பட்டியல் போட்டார். அதில் இது ஒன்பதாவது. இதை மனசில் வைத்துக்கொண்டு மற்றக் கதைகளையும் புரட்டிப் பார். கோகலின் ‘பைத்தியக்காரனின் நாட்குறிப்பு’ கதையில் நாய்கள் பேசுவது காதில் விழுகிற பொப்ரீஷின்: ஒன்பதாம் படி. தஸ்தயேவ்ஸ்கியின் ‘இரட்டையர்’ (1846) நாவலில், தன்னைப்போலவே ஒருத்தன் வந்து தன் ஆபீசிலேயே உட்கார்ந்துவிட்டதைப் பார்க்கிற கல்யாத்கின்: ஒன்பது. பகரேல்ஸ்கி 1825-இல் எழுதிய ஒரு மாஸ்கோ சூனியக்காரி கதை இருக்கிறது. கிழவியின் கறுப்புப் பூனை, அவள் செத்த பிறகு மனித ரூபத்தில் பெண் கேட்டு வருகிறது. மாப்பிள்ளைப் பூனையின் பெயர் முர்லீகின், உத்தியோகம் பெயரளவு கவுன்சிலர்! பெண்ணைப் பெற்றவருக்கு வாயெல்லாம் பல். உத்தியோகஸ்தர் அல்லவா. வாலெல்லாம் பெண்ணின் கண்ணுக்குத்தான் தெரிகிறது.

ஏன் இத்தனை பேரும் ஒரே படியில் கூட்டம் கூடுகிறார்கள்? அந்தக் காலத்தில் எட்டாம் படி ஏறினால் பரம்பரை பிரபு அந்தஸ்து கிடைக்கும். பிள்ளை, பேரன் எல்லாம் பிரபு. 1845 வரைக்கும் அதுதான் சட்டம். கதவை அவ்வளவு லேசில் திறந்துவிடுவார்களா? 1809 முதல் அதற்கொரு பரீட்சை வேறு வைத்தார்கள். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை பேனாவைத் தேய்த்துத் தேய்த்து ஒன்பது வரைக்கும் வருவான், அங்கே நிற்பான், அங்கேயே நரைப்பான். ப்ரொமோஷன் பேனலில் பெயர் வருஷா வருஷம் ஏறி வருஷா வருஷம் விடுபட்டுப் போனவர்கள் முகம் உனக்குத் தெரியுமே, அந்த முகம்தான். என் கட்சி என்னவென்றால், ருஷ்யப் பேய் சுடுகாட்டிலிருந்து வரவில்லை, இந்த ஒன்பதாம் படியிலிருந்துதான் வருகிறது. பேராசிரியர்கள் ஒப்புக்கொள்கிறார்களோ இல்லையோ, நீ ஒப்புக்கொள்வாய்.

ஒரு படி மேலே போனவன் கதி என்ன என்றும் கோகலே எழுதிவைத்திருக்கிறார். ‘மூக்கு’ கதையின் கவல்யோவ் எட்டாம் படி. அதுவும் பரீட்சை எழுதாமல் காக்கஸஸ் பக்கம் போய்ச் சுலபத்தில் வாங்கி வந்தது. ஊரில் தன்னை ‘மேஜர்’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் மூக்கு இருந்த இடம் தோசைக்கல் மாதிரி வழவழவென்று இருக்கிறது. தெருவுக்கு வந்தால் மூக்கு ஜரிகை உடுப்பில், இடுப்பில் வாளோடு, கோச்சு வண்டியிலிருந்து இறங்குகிறது. மூக்கின் பதவி ஐந்தாம் படி! தன் மூக்கிடமே பேசத் துணிவில்லாமல் இவன் தொண்டையைச் செருமுகிறான். அது இவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துவிட்டு, உன் இலாகா வேறு என் இலாகா வேறு, நமக்குள் என்ன சம்பந்தம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மூக்குக்கு முகம் எது என்று கேட்காதே, கோகலிடம் அதெல்லாம் கேட்கக்கூடாது. பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கப் போனால், பத்திரிகையின் பெயர் கெட்டுவிடும் என்று குமாஸ்தா மறுத்துவிட்டு, ஆறுதலாக மூக்குப்பொடி நீட்டுகிறார். மூக்கில்லாதவனுக்கு! கடைசியில் ரீகா ஊருக்கு ஓடிப்போகப் பார்த்த மூக்கை, ஒரு அதிகாரி பெயரில் எடுத்த பாஸ்போர்ட்டோடு போலீஸ் மடக்கிப் பிடிக்கிறது. பிடித்த அதிகாரிக்குக் கிட்டப்பார்வை. அன்றைக்கு நல்லவேளையாகக் கண்ணாடி இருந்ததாம். கையோடு, தன் மாமியாருக்கும் கண் தெரியாது என்று சம்பந்தமே இல்லாமல் ஒரு போடு போடுகிறார். அந்த ஒரு வரிக்காகவே கோகலுக்குச் சிலை வைக்கலாம்.

இதை ஒரு மாஸ்கோ பத்திரிகை மட்டமான சரக்கு என்று திருப்பி அனுப்பியது. 1836-இல் புஷ்கின்தான் தன் பத்திரிகையில் போட்டார். மூக்கு கஸான் பேராலயத்தில் பிரார்த்தனை செய்கிற காட்சியைத் தணிக்கைக்காரர் விடவில்லை. ஆகவே அச்சில் மூக்கு கடைத்தெருவுக்குப் போயிற்று. கோயிலுக்குள் மூக்கு வரக்கூடாது, கடைக்கு வரலாம். மூக்கு தனியாக நடந்து போனதில் அவருக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

இன்னொரு வம்பு. பீட்டர்ஸ்பர்கில் கொக்கூஷ்கின் பாலம் என்று கால்வாய்மேல் சின்னதாக ஒரு பாலம், பக்கத்தில் ஸ்தல்யார்னி சந்து. பொப்ரீஷின் அந்தப் பேசும் நாய்களைப் பின்தொடர்ந்து போய் நிற்கிற பெரிய கட்டிடம் அந்தப் பாலத்தருகில்தான். அந்தக் கட்டிடத்தில் கோகலே குடியிருந்திருக்கிறார். 1841-இல் லேர்மன்தவ் ஒரு பேய்க்கதை எழுதினார். ஒரு ஓவியனின் காதில் ஒரு குரல் ஓயாமல் ஒரு முகவரி சொல்கிறது: ஸ்தல்யார்னி சந்து, கொக்கூஷ்கின் பாலம் அருகே, ஷ்தோஸ் என்பவர் வீடு, 27-ஆம் நம்பர். வீட்டுக்காரர் என்ன பதவி என்கிறாய்? அதேதான், ஒன்பதாம் படி. ஓவியன் அங்கே குடிபோகிறான். ராத்திரி ராத்திரி ஒரு கிழவன் வந்து சீட்டாடக் கூப்பிடுகிறான். பணயம், அவன் பின்னால் காற்றுப்போல நிற்கிற ஒரு பெண்ணுருவம். 1866-இல் ‘குற்றமும் தண்டனையும்’ முதல் பக்கத்தில் ரஸ்கோல்னிகோவ் புறப்படுவதும் அதே சந்து, போவதும் அதே பாலம். தஸ்தயேவ்ஸ்கி முதலெழுத்து மட்டும் போட்டு மறைத்திருக்கிறார், அவ்வளவுதான். பேய் இருந்த தெருவில் கொலைகாரனைக் குடிவைத்தார்!

அந்த லேர்மன்தவ் கதையை அவர் வாசித்துக் காட்டின லட்சணத்தைக் கேள். புது நாவல் எழுதியிருக்கிறேன், வாசிக்க நாலு மணி நேரமாவது ஆகும், சீக்கிரமே வந்துவிடுங்கள், வெளியாள் யாரும் கூடாது என்று ஏகக் கெடுபிடி. முப்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள். கக்கத்தில் ஒரு தண்டி நோட்டோடு ஆசாமி நுழைந்தார். விளக்கு வந்தது, கதவைச் சாத்தினார்கள். கால் மணியில் வாசிப்பு முடிந்துவிட்டது! எழுதியிருந்தது இருபது பக்கம் போல, மீதியெல்லாம் வெள்ளைத் தாள். கூட்டத்திலிருந்த கவிஞர் ரஸ்தோப்சினா அம்மாள்தான் இதை எழுதி வைத்திருக்கிறார். கதை பாதியில் அப்படியே நிற்கிறது. வேண்டுமென்றே விட்டாரா, முடிக்கத்தான் இருந்தாரா என்று இன்னும் சண்டை. அதே வருஷம் ஜூலையில் துவந்த யுத்தத்தில் சுடப்பட்டுச் செத்தார். வயசு 26.

சீட்டு என்றதும் ‘ஸ்பேடு ராணி’ (1834) இல்லாமல் முடியுமா? புஷ்கின் எழுதியதில் எனக்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மூன்று சீட்டு ரகசியம் தெரிந்த 87 வயசுக் கோமாட்டி. அதைக் கறக்கப் பார்க்கிற ஹெர்மன். ராத்திரி அவள் வீட்டில் ஒளிந்திருந்து துப்பாக்கியைக் காட்டுகிறான், கிழவி பயத்திலேயே செத்துப்போகிறாள். துப்பாக்கியில் குண்டே இல்லை. பிற்பாடு ஒரு ராத்திரி மூன்று மணிக்குக் கால் மணி இருக்கும்போது செருப்பைச் சரசரவென்று இழுத்துக்கொண்டு யாரோ வருகிற சத்தம். வெள்ளை உடையில் கிழவி. என் இஷ்டத்துக்கு விரோதமாக அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, மூன்று, ஏழு, ஆசு என்று ரகசியத்தைக் கொட்டிவிட்டுப் போகிறாள். கூடவே நிபந்தனை: ஒரு நாளைக்கு ஒரு சீட்டுதான், தன் வீட்டில் வளர்கிற பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். பேய் வந்த இடத்திலும் கல்யாணப் பேச்சு! இங்கேதான் புஷ்கினின் கைவேலை. அன்று மத்தியானம் ஹெர்மன் வழக்கத்துக்கு மேல் குடித்திருக்கிறான் என்று போகிறபோக்கில் எழுதிவிடுகிறார். வெளிக்கதவு பூட்டியிருக்கிறது, வேலைக்காரன் போதையில் குறட்டை. அப்படியானால் பிரமைதானே என்பாய். ஆனால் அவள் சொன்ன சீட்டு ஜெயிக்கிறதே! மூன்று ஜெயித்தது, ஏழு ஜெயித்தது. மூன்றாம் நாள் ஆசு என்று நினைத்துப் போட்டது ஸ்பேடு ராணி. அந்த ராணி கண்ணைச் சிமிட்டுகிறாள். ஹெர்மன் இப்போது பைத்திய ஆஸ்பத்திரியில் 17-ஆம் நம்பர் அறையில். கற்பனைக் கதைக் கலையின் உச்சம் இதுதான் என்று தஸ்தயேவ்ஸ்கி 1880-இல் ஒரு கடிதத்தில் எழுதினார்: படித்து முடித்த பிறகும், அது ஹெர்மனின் மனசிலிருந்து வந்ததா மறு உலகத்திலிருந்து வந்ததா என்று தீர்மானிக்க முடியாது, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று. நானும் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்தாயிற்று. பிடி கிடைக்கவில்லை.

அந்தக் கோமாட்டிக்கு அசல் உண்டு. இளவரசி நதாலியா கோலித்சினா. மேலுதட்டில் மீசை இருந்ததால் ‘மீசை இளவரசி’ என்று ஊரே கூப்பிட்டது. சீட்டில் தோற்றுவிட்டு வந்த பேரனுக்கு மூன்று சீட்டு சொல்லிக்கொடுத்தாளாம்; அந்தப் பேரன் சொன்ன கதையைத்தான் புஷ்கின் பிடித்துக்கொண்டார். அரண்மனையில் எல்லோரும் அடையாளம் கண்டுகொண்டார்கள், கோபம் இல்லை போலிருக்கிறது என்று 1834 ஏப்ரலில் நாட்குறிப்பில் எழுதுகிறார். ஊரில் சூதாடிகளெல்லாம் மூன்று, ஏழு, ஆசு என்றே பணம் கட்டினார்களாம். நாவலில் கிழவியைக் கொன்றார். நிஜத்தில் 1837 ஜனவரி துவந்த யுத்தத்தில் புஷ்கின் போனார். கிழவி அந்த வருஷக் கடைசிவரை இருந்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

கிராமத்துப் பேய்கள் வேறு ஜாதி. பதவி கிடையாது, மண்ணும் குளமும்தான். துர்கனேவின் ‘பேழின் புல்வெளி’யில் குதிரை மேய்க்கிற பையன்கள் தீயைச் சுற்றி உட்கார்ந்து சொல்கிற கதைகள் அழகுதான், ஆனால் எனக்குக் கோகல்தான். அவர் இருபது வயசில் பீட்டர்ஸ்பர்கில் வேலை தேடி அலைகிறபோது உக்ரேனில் இருக்கிற அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறார்: அங்கே வீட்டுப் பேய் என்ன செய்யும், நீர்மோகினி எப்படி இருப்பாள், கல்யாண உடுப்பு என்ன, எல்லாம் விவரமாக எழுதி அனுப்பு என்று. அம்மா அனுப்பினாள், பிள்ளை புத்தகமாக்கினான். பிற்பாடு எழுதிய ‘விய்’ கதையில், இமைகள் தரைவரை தொங்கும் அந்த ராட்சதன் நாட்டுப்புறத்துக் கதை, கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன் என்று அடிக்குறிப்பு போட்டார். அப்படி ஒரு பெயரை நாட்டுப்புறவியல்காரர்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். சுத்தப் புளுகு என்பது என் கட்சி. அந்தக் கதையில் ஒரு மாணவன் கோயிலில் பிணத்துக்கு முன்னால் மூன்று ராத்திரி ஜெபம் படிக்க வேண்டும். மூன்றாம் ராத்திரி உள்ளே புகுந்த பேய்க்கூட்டம் முதல் கோழி கூவியதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது. இரண்டாவது கூவலுக்குத் தடதடவென்று ஓடினால், நேரம் தப்பிவிட்டது. ஜன்னலிலும் வாசலிலும் சிக்கியபடியே நின்றுவிட்டன. விடிந்து வந்த பாதிரியார் பார்த்துவிட்டுப் பூசையே வேண்டாமென்று திரும்பிவிட்டார். கோயிலைச் சுற்றிக் காடு மண்டிப்போயிற்று. மாணவனின் சிநேகிதர்கள் கள்ளுக்கடையில் உட்கார்ந்து, அவன் பயந்ததால்தான் செத்தான், நம்ம கீவ் சந்தையில் உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் சூனியக்காரிகள்தான் என்று பேசி முடிக்கிறார்கள்.

செகாவின் ‘கறுப்புத் துறவி’ (1894) உனக்குப் பிடிக்கும். எனக்கு அது டாக்டர் எழுதிய கேஸ் ஷீட்டாகத்தான் படுகிறது. அதைவிட தஸ்தயேவ்ஸ்கியின் ‘பபோக்’ (1873). ஒரு குடிகார எழுத்தாளன் இடுகாட்டில் கல்லின்மேல் சாய்ந்தபடி, குழிக்குள்ளிருந்து வரும் பேச்சை ஒட்டுக்கேட்கிறான். உள்ளே சீட்டாட்டம் நடக்கிறது, ஜெனரலுக்கு ஒருத்தர் ஜால்ரா போடுகிறார், பக்கத்துக் குழிக்காரன் தாழ்ந்தவன் என்று ஒரு சீமாட்டி முகம் சுளிக்கிறாள். மண்ணுக்குள்ளும் படிவரிசை! இனி வெட்கத்தையே விட்டுவிடுவோம், எல்லாவற்றையும் போட்டு உடைப்போம் என்று முடிவெடுக்கிற நேரத்தில் இவன் தும்மித் தொலைக்கிறான். கப்சிப். தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் இவான் முன்னால் வருகிற சாத்தானோ, பழைய கட்டம் போட்ட கால்சட்டை போட்ட ஒண்டுக்குடித்தனக்காரன். மூட்டுவலி. வியாபாரிகளோடும் பாதிரிகளோடும் பொதுக் குளியலறைக்குப் போகப் பிடிக்குமாம். அம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்டானாம். நூறு கிலோவுக்கு மேல் கனமான ஒரு வியாபாரி சம்சாரமாகப் பிறந்து கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்பதுதான் அவன் ஆசை.

புரட்சி வந்து பதிநாலு படியையும் ஒழித்துக்கட்டியது. பேய் ஒழிந்ததா? புல்ககோவின் ‘மாஸ்டரும் மார்கரீட்டாவும்’ எடுத்துக்கொள். சாத்தான் மாஸ்கோவுக்கு வந்து தங்குகிற 50-ஆம் நம்பர் வீடு, புல்ககோவ் குடியிருந்த வீட்டின் நம்பர்தான். பூனை டிராமில் ஏறிக் காசு நீட்டுகிறது; பூனைக்கு அனுமதி இல்லை என்றுதான் கண்டக்டரம்மா கத்துகிறாள், பூனை டிக்கெட் எடுப்பது அவளுக்கு அதிசயமாகப்படவில்லை. உனக்கென்றே ஒரு இடம்: ஒரு கமிஷன் தலைவரைப் பூனை மாயமாக்கிவிடுகிறது. அவர் சூட் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, தலை கை எதுவும் இல்லாமல், கோப்புகளில் உத்தரவு எழுதிக்கொண்டே இருக்கிறது. டெலிபோன் வேறு எடுக்கிறது. பிறகு ஆள் திரும்பி வந்ததும், தான் இல்லாதபோது சூட் போட்ட உத்தரவுகள் அத்தனையையும் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிடுகிறார். ஒன்றையும் மாற்றவில்லை! நாவலை எழுதியவர் 1940-இல் செத்தார். அது அச்சில் வந்தது 1966 நவம்பரில் ஒரு பாதி, 1967 ஜனவரியில் மறு பாதி, அதுவும் வெட்டிக் குதறி.

இன்னும் ஒரே ஒரு வம்பு சொல்லிவிடுகிறேன். கோகல் 1852-இல் ‘செத்த ஆத்மாக்கள்’ இரண்டாம் பாகத்தை அடுப்பில் போட்டுவிட்டு, சாத்தான் ஏமாற்றிவிட்டான் என்று அழுதார். சில நாளில் போய்ச் சேர்ந்தார். கடைசி நேரத்தில் டாக்டர்கள் அவர் மூக்கில் அட்டை விட்டார்கள். ஆமாம், ‘மூக்கு’ எழுதினவர் மூக்கில்தான். 1931-இல் அவர் எலும்புகளை நவதேவிச்சி இடுகாட்டுக்கு மாற்றினார்கள்; மண்டையோட்டைக் காணோம் என்று அன்றைக்குக் கிளம்பிய வதந்தி இன்னும் ஓயவில்லை. பழைய சமாதிக் கல்லை மூலையில் தூக்கிப் போட்டிருந்தார்கள். புருஷன் சமாதிக்குக் கல் தேடிப் போன புல்ககோவின் மனைவி எலேனா அதைக் கண்டுபிடித்து வாங்கிவந்தார். புல்ககோவ் கோகலைத்தான் குரு என்று கும்பிட்டவர். இன்றைக்கும் அந்தக் கல் அவர் தலைமாட்டில்தான் இருக்கிறது.

நீ ‘மூக்கு’ கதையிலிருந்து ஆரம்பி. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் ‘ஸ்பேடு ராணி’. கரமசோவை இப்போதைக்குத் தொடாதே, சாத்தான் வர எழுநூறு பக்கம் காத்திருக்க வேண்டும். புல்ககோவ் புத்தகத்தை உன் ஆபீஸ் சிநேகிதிகளுக்கு இரவல் கொடுக்காதே, திரும்பி வராது. ஹெர்மனைப் பார்க்க வந்தது பேயா, மத்தியானம் குடித்த ஒயினா என்று உன் தீர்ப்பை மட்டும் மறக்காமல் எழுது. எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

உன்,
சரோஜா